தவறிய பொறி

நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று பெங்களூரின் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று ஓடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பெட்ரோல் எரியும். அப்படியானால் நிமிடத்துக்கு 1,600 எரிப்பு, விநாடிக்கு 26 அல்லது 27. அத்தனையும் ஒழுங்காக நடந்தால் வண்டி ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்றே சந்தேகம் வரும். ஒரே ஒரு சிலிண்டர் அடிக்கடி தவறினால் போதும், கியர் கம்பி ஆடும், இருக்கை அதிரும், ஏசி போட்டதும் வண்டி நின்றுவிடுமோ என்று பயம் வரும். "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்று மெக்கானிக்கிடம் போய் நிற்கும்போது, டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

அந்த விளக்குக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? நாம் ஓட்டும் கார்கள் பெரும்பாலானவற்றில் சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்க்க எந்தச் சென்சாரும் கிடையாது. உள்ளே பெட்ரோல் எரிந்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்தே ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைச் செய்யும் முறையை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் அதில் 60 பற்களுக்கு இடம் இருக்கும். ஆனால் 58 பற்களே வெட்டப்பட்டிருக்கும். விடுபட்ட இரண்டு பற்களின் இடைவெளிதான் சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் அடையாளம். பக்கத்தில் ஒரு காந்தச் சென்சார், கடந்துபோகும் ஒவ்வொரு பல்லையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 6 டிகிரி. 800 சுற்றில் அந்த 6 டிகிரியைக் கடக்க 1.25 மில்லி விநாடி ஆகும்.

சக்கரம் ஒரே சீராகச் சுற்றுவதுபோல் நமக்குத் தோன்றினாலும் உண்மையில் அப்படி இல்லை. ஒரு சிலிண்டர் காற்றை அழுத்தும்போது சக்கரம் சற்றுத் தயங்கும். பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும்போது சற்று முந்தும். ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவரின் ஒரு கால் பெடலிலிருந்து நழுவினால், அந்த அரைச் சுற்றில் மட்டும் சைக்கிள் தளர்வது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும் அல்லவா? அதே போலத்தான் எரிப்பு தவறிய அரைச் சுற்றில் பற்கள் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கின்றன. சிக்னலில் நிற்கும்போது அந்தத் தாமதம் பிடிபடும் அளவுக்குப் பெரிது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது அது மைக்ரோ விநாடிக் கணக்குக்குச் சுருங்கிவிடும். அப்போதும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி அதைப் பிடிக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின்களில் எரிப்பு வரிசை பெரும்பாலும் 1, 3, 4, 2 என்றிருக்கும். எந்த இடத்தில் தாமதம் வந்தது என்று தெரிந்தால், தவறியது எந்தச் சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும். இரண்டாவது சிலிண்டர் என்றால் பி0302 என்ற குறியீடு பதிவாகும். எந்தச் சிலிண்டர் என்று அடையாளம் சொல்ல முடியாமல் மாறி மாறித் தவறினால் பி0300.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. இரண்டையும் பொறியாளர்கள் தீர்த்த விதம் அழகானது. முதலாவது, எந்தப் பல்சக்கரத்தையும் அச்சுப் பிசகாமல் வெட்ட முடியாது. ஒரு பல் மயிரிழை தள்ளி இருந்தாலும், எரிப்பு தவறியதுபோலவே கணினிக்குத் தோன்றும். அதனால் தன் சக்கரத்தின் குறைகளைக் கணினி தானே கற்றுக்கொள்கிறது. அதற்கு அது காத்திருக்கும் நேரம், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறக்கத்தில் வரும் நேரம். நந்தி மலையிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் வருவோம். அந்த நேரத்தில் பெட்ரோல் அடியோடு நிறுத்தப்பட்டிருக்கும். எந்தச் சிலிண்டரும் எரியாது. அப்போதும் பற்களின் நேரத்தில் ஏற்ற இறக்கம் தெரிந்தால், அது சக்கரத்தின் பிழை என்று முடிவுகட்டி, இனிவரும் கணக்குகளில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சிக்கல் சாலைப் பள்ளம். அதைப் பெங்களூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த உதறல் ஆக்ஸில், கியர்பாக்ஸ் வழியாக கிராங்க் ஷாஃப்ட் வரை போகிறது. அங்கே பற்களின் நேரம் குழம்பும். குண்டும் குழியுமான சாலையில் ஓட்டியதற்காக விளக்கு எரிந்தால் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். ஆகவே பல வண்டிகளில் ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரங்களில் வைத்திருக்கும் வேகச் சென்சார்களையும் கணினி கவனிக்கிறது. சாலைச் சக்கரங்களின் வேகமும் தாறுமாறாக ஆடினால் குற்றம் சாலையுடையது என்று கொண்டு, மிஸ்ஸிங் கணக்கெடுப்பைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கிறது.

பொறியை உண்டாக்கும் கலையில் பெங்களூருக்குப் பழைய பங்கு உண்டு. ராபர்ட் போஷின் நிறுவனத்தில் பணியாற்றிய காட்லோப் ஹொனால்ட் 1902இல் பொறிக்கு மின்சாரம் உண்டாக்கும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கான ஸ்பார்க் பிளக்கையும் ஜெர்மனியில் உருவாக்கினார். அதே நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1951இல் தொடங்கப்பட்டதுதான் மைக்கோ. பெங்களூரின் ஆடுகோடித் தொழிற்சாலையில் அவர்கள் செய்த மைக்கோ பிளக், ஸ்கூட்டர் வைத்திருந்த ஒரு தலைமுறைக்கே பழக்கமான பெயர். மைக்கோ லேஅவுட் என்ற குடியிருப்பும் அந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2008இல் நிறுவனத்தின் பெயர் போஷ் என்று மாறியது. 2022 ஜூன் 30 அன்று அதே ஆடுகோடி வளாகம் ஸ்பார்க்.நெக்ஸ்ட் என்ற பெயரில் தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. என்ஜின் கணினிக்கான மென்பொருளை எழுதும் பொறியாளர்கள் இன்று இந்த நகரத்தில் ஏராளம். மெர்சிடிஸ் பென்ஸ் 1996 முதல் இங்கே ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அந்தப் பொறியாளர்கள் வேலைக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஜே.சி. ரோடு. பிளக், காயில், ஓஸ், சென்சார் என்று எந்த உதிரிபாகம் வேண்டுமானாலும் அங்கே கிடைக்கும்.

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கை வைக்கச் சொன்னது சட்டம். காற்று மாசால் திணறிய கலிபோர்னியா 1988 மாடல் கார்களிலிருந்து இதைத் தொடங்கியது. இன்றைய வடிவம் 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் கட்டாயமானது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் பெங்களூர் உட்பட 13 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது இந்த விதியின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை மாட்டுவது அதில்தான்.

விளக்கு எதைக் காப்பாற்றப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போகும்போது நடுவில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டையின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைப் பூசிச் செய்தது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிகிறது. வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு கெடும்; இன்னும் ஏறினால் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். அதனால் கணினி இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறது. 1,000 சுற்றுக்கு ஒரு முறை பார்க்கும் கணக்கு புகை கூடுகிறதா என்பதற்கு. 200 சுற்றுக்கு ஒரு முறை பார்க்கும் கணக்கு கன்வெர்ட்டர் வெந்துவிடுமா என்பதற்கு. இந்த இரண்டாவது கணக்கின் எல்லை மீறப்பட்டால் விளக்கு விட்டு விட்டு மின்னும். நிலையாக எரியும் விளக்கோடு மெதுவாக ஓட்டிக்கொண்டு கேரேஜுக்குப் போகலாம். மின்னும் விளக்கோடு போகக் கூடாது. ஓரமாக நிறுத்தி வண்டியை அணைத்துவிட வேண்டும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய பிளக் செலவு, பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டர் செலவாக மாறுவது இந்த இடத்தில்தான்.

சரி, பி0302 என்று ஸ்கேனர் சொல்லிவிட்டது. இரண்டாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. ஏன்? அது கணினிக்குத் தெரியாது. பிளக் கெட்டிருக்கலாம், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கெட்டிருக்கலாம், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் கசியலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். நடந்தது என்ன என்பது மட்டுமே குறியீட்டில் இருக்கிறது. காரணம் அதில் இல்லை. குறியீட்டைக் கூகுளில் தேடி, முதலில் வரும் பாகத்தை வாங்கி மாட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அனுபவசாலிகளே அதில் மாட்டிக்கொள்வார்கள். சைலன்சர் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று உண்டு. சிர்கோனியா பீங்கானால் ஆனது. புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம் காட்டும், மிஞ்சாவிட்டால் 0.9 வோல்ட் பக்கம் போகும். ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அதிலிருந்த காற்று முழுசாக வெளியே வருகிறது. அந்தக் காற்றின் ஆக்ஸிஜனும் அப்படியே வருகிறது. எரியாத பெட்ரோலும் கூடவே வருகிறதுதான். ஆனால் சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனை மட்டும். ஆக்ஸிஜன் அதிகம் என்று உள்ளதை உள்ளபடி அது சொல்கிறது. கணினியோ, பெட்ரோல் போதவில்லை என்று முடிவுசெய்து இன்னும் தெளிக்கிறது. நன்றாக எரிந்துகொண்டிருந்த மற்ற மூன்று சிலிண்டர்களுக்கும் பெட்ரோல் கூடிவிடுகிறது. கடைசியில் பி0302 உடன் பி0171 என்ற குறியீடும் சேர்ந்து வரலாம். பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதைப் படித்துவிட்டு, எந்தத் தவறும் செய்யாத ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி எறிகிறார்கள்.

வில்சன் கார்டனில் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய கேரேஜில் இதே இரண்டு குறியீடுகளோடு ஒரு கார் வந்திருந்தது. "ஆக்ஸிஜன் சென்சாரை மாத்தணும்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றார் வண்டிக்காரர். மெக்கானிக் ஸ்கேனரில் இருந்ததையெல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். குறியீடு பதிவானபோது என்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடு, எவ்வளவு சுமை என்று கணினி ஒரு கணத்தைப் பிடித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். எழுதி முடித்துவிட்டு, "தம்பி, ரெண்டாவது காயிலைத் தூக்கி மூணுல போடு, மூணை ரெண்டுல போடு" என்றார்.

பையன் மேல் மூடியை எடுத்து, காயிலின் சாக்கெட்டை விடுவித்து, 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றி, இரண்டு காயில்களையும் இடம் மாற்றினான். பிளக்கை அப்படியே விட்டான். பழைய குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டார்கள். மீண்டும் பி0302தான். காயில் இடம் மாறியும் தவறு இடம் மாறவில்லை என்றால் காயில்மீது பழி இல்லை. என்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை கிழிந்துவிடும். ஆறியதும் இரண்டாவது பிளக்கும் மூன்றாவது பிளக்கும் இடம் மாறின. இந்த முறை பி0303 வந்தது. பிளக் போன இடத்துக்குத் தவறும் கூடவே போய்விட்டது.

"பிளக்தான் சார். சென்சார் நல்லா இருக்கு" என்றார் மெக்கானிக்.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த அறிவியல் பரிசோதனைகளில் இதையும் ஒன்றாகச் சொல்வேன். ஒரு பைசா செலவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். காயிலையும் பிளக்கையும் ஒரே சமயத்தில் மாற்றியிருந்தால் இரண்டில் எது என்று தெரியாமலே போயிருக்கும். என்ன விடை வந்தாலும் ஏதோ ஒரு சந்தேகம் தீர்ந்துவிடும்படி அந்தச் சோதனை அமைந்திருந்தது.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். எரியும் முனை வெளிர் பழுப்பு நிறம், அதில் குறையில்லை. முனை கறுத்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம்; ஈரமாக இருந்தால் பொறியே வரவில்லை; எண்ணெய் மினுமினுத்தால் ஆயில் உள்ளே வருகிறது; வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. இந்தப் பிளக்கின் நோய் மேலே இருந்தது. வெள்ளைப் பீங்கானின் மேல், தலைப்பகுதியிலிருந்து உலோக உடல் வரைக்கும், பென்சிலால் கோடு இழுத்ததுபோல ஒரு கறுப்புத் தடம். மின்சாரம் பிளக்கின் முனை வரை போகாமல் அந்த வழியாகவே வெளிப்பக்கம் குதித்துக்கொண்டிருந்திருக்கிறது. கரி படிந்த தடம் மின்சாரத்துக்கு இன்னும் சுலபமான வழி. ஒரு முறை உண்டாகிவிட்டால் ஒவ்வொரு முறையும் அதையே தேடிப் போகும். பிளக் குழிக்குள் ஈரம் இறங்கினாலும் பொறி இப்படி வெளியே குதிக்கும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளத்தில் நின்ற கார்களில் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடங்களில் அந்தக் குழியும் ஒன்று.

பொறி ஏன் இப்படிக் குறுக்கு வழி தேடுகிறது என்பதற்கு இயற்பியலில் பதில் உண்டு. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காயில் பல்லாயிரம் வோல்ட்டை உண்டாக்குகிறது. அது தாண்ட வேண்டியது பிளக் முனையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. திறந்த காற்றில் அது எளிது. காற்று அழுந்த அழுந்த அதே இடைவெளியைத் தாண்ட வோல்ட் கூடுதலாக வேண்டும். மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று நிறைந்து அழுத்தம் கூடுகிறது. அப்போதுதான் பலவீனமான காயிலும் கீறல் விட்ட பிளக்கும் காலைவாரும். சிக்னலில் அமைதியாக நின்றுவிட்டு ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் சந்தேகம் முதலில் பொறிப் பக்கம் போக வேண்டும். தலைகீழாக, ஏற்றத்தில் நன்றாக இழுத்துவிட்டு நிற்கும்போது மட்டும் உதறினால் காற்றுக் கசிவைத் தேடலாம். த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம், என்ஜினுக்குப் போகும் காற்றோ குறைவு. வெடித்த ஒரு ரப்பர் ஓஸ் வழியே நுழையும் கொஞ்சம் காற்றும் அப்போது பெரும் பங்காகிவிடும். எப்போது தவறுகிறது என்று வண்டிக்காரர் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெங்களூரில் ஸ்கேனரைப் படிப்பதற்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு மேனிஃபோல்டு அழுத்தச் சென்சாரைப் பார்த்தால், அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும் எண், இங்கே 91 பக்கம் வரும். கடல் மட்டத்து எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே பார்ப்பவர், நல்ல சென்சாரைக் கெட்டது என்பார். 100 காட்டும் சென்சாரைத்தான் இங்கே சந்தேகிக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் சென்னையில் டியூனிங் செய்த வண்டி இங்கே வந்தால் காற்றின் அடர்த்தி குறைவதால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடிவிடும். இன்றைய வண்டி கிருஷ்ணகிரி தாண்டி ஓசூருக்கு ஏறும்போதே, ஓட்டுபவருக்குத் தெரியாமல் கணக்கைத் திருத்திக்கொண்டுவிடுகிறது.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று அறிமுகமானது பெங்களூரில்தான், இந்திய எரிசக்தி வார விழாவில். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் தெளிக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் வண்டியின் கணினி இதைத் தானே ஈடுகட்டிவிடும். பழைய வண்டியில் ஏற்கெனவே ஒரு சிறிய கசிவோ பாதி அடைத்த இன்ஜெக்டரோ இருந்தால், இரண்டும் சேர்ந்து கணினியின் திருத்த எல்லையைத் தொட்டுவிடலாம். அப்போது பழியைப் பெட்ரோல்மேல் மட்டும் போட்டால் கசிவு கசிவாகவே இருக்கும்.

கேரேஜில் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். கழற்றிய பாகத்தைக் கையில் கொடுத்தே காட்டுவார். வில்சன் கார்டனில் அன்று நான்கு பிளக்கும் ஒரே வயது என்பதால் நான்கையும் மாற்றினார்கள். புதுப் பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து, முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, கடைசியில்தான் ஸ்பேனரைத் தொட்டார்கள். கறுப்புத் தடம் பிளக்கிலிருந்து காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் பதிந்திருக்கலாம். பழைய உறையைப் புதுப் பிளக்கில் மாட்டினால் நாளடைவில் பொறி அதே வழியில் மறுபடி குதிக்கலாம். அதனால் அந்த ஓர் உறையையும் மாற்றினார்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரால் விளக்கை அணைத்துவிடலாம். அணைக்காமல் விட்டாலும், தவறு இல்லாமல் மூன்று முறை ஓட்டி முடித்தபின் கணினியே பொதுவாக விளக்கை அணைத்துவிடும். குறியீட்டின் பதிவோ 40 முறை என்ஜின் சூடேறி ஆறும்வரை நினைவில் இருக்கும். மிஸ்ஸிங்குக்கு ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. முதலில் தவறியபோது இருந்த சுற்று வேகம், சுமை, சூடு ஆகியவற்றுக்கு நெருக்கமான நிலையில் மறுபடி ஓடி, அப்போதும் தவறாமல் இருந்தால்தான் கணினி நம்பும். ஏற்றத்தில் தவறிய வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மெக்கானிக் தாளில் எழுதி வைத்திருந்த எண்கள் இப்போது மறுபடி உதவுகின்றன. அதே கியரில், அதே சுமையில், அதே போன்ற ஏற்றத்தில் சில நாள் ஓட்டிவிட்டு ஸ்கேனரை மீண்டும் மாட்டி, விளக்கு எரியும் முன்பே தற்காலிகமாகப் பதிவாகும் குறியீடு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் வேலை முடிந்தது.